எங்கிருந்து வந்தது? உணவில் சேரும் பொஸ்பேட்

பேக்கிங் பவுடரிலும் சீஸிலும் போடும் பொஸ்பேட், மாட்டெலும்பில் இருந்து எடுப்பது என்று எங்கள் பக்கம் பேச்சு. உண்மையா?
*வாசகி, சாய்ந்தமருது*

ஒரு காலத்தில் உண்மை. பொஸ்பேட்டில் உள்ள பொஸ்பரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட். பொன் செய்யும் வழி தேடி, 1669 இல் மனிதச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தபோது அது கிடைத்தது. நூறு ஆண்டு கழித்து, எலும்பில் அது நிறைய உண்டு என்று சுவீடன் வேதியியலாளர்கள் கண்டார்கள். எலும்பைக் கந்தக அமிலத்தில் இட்டு, மாவைப் பொங்கவைக்கும் கல்சியம் பொஸ்பேட்டை எடுக்கும் முறைக்கு 1856 இல் அமெரிக்கப் பேராசிரியர் எபென் ஹோர்ஸ்ஃபோர்ட் காப்புரிமை பெற்றார். அதை அப்பச்சோடாவோடு சேர்த்ததில் இருந்துதான் நமது கேக்குக்குப் போடும் தூள் வளர்ந்தது.

1880களில் அவருடைய தொழிற்சாலையே எலும்பை விட்டுப் பாறைக்கு மாறிவிட்டது. இன்று உணவுக்கான பொஸ்பேட் பெரும்பாலும் நிலத்தில் வெட்டி எடுக்கும் பொஸ்பேட் கல்லைச் சுத்திகரித்துச் செய்வது. நமது நாட்டின் எப்பாவலையில் 1971 இல் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த வகைக் கல்தான். ஆனால் அது உரமாகவே போகிறது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஓர் இலக்கத்தில் இருக்கிறது: 542. எலும்புப் பொஸ்பேட்டுக்கு உணவுச் சேர்மானங்களின் சர்வதேசப் பட்டியலில் உள்ள இலக்கம் அது. பக்கற்றில் அதைக் கண்டால் எந்தப் பிராணியின் எலும்பு, எப்படி அறுக்கப்பட்டது என்று கேட்க நியாயம் உண்டு. ஹலால் சான்று இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். 338 தொடக்கம் 341 வரையும், 450, 451, 452 உம் வழக்கமாகக் கல்லில் இருந்து வருபவை.

ஐரோப்பாவில் கபாபைத் தடைசெய்யப் பார்த்தார்களாமே?
*வாசகர், அக்கரைப்பற்று*

கபாபை அல்ல, அதில் சேர்க்கும் பொஸ்பேட்டை. உறையவைத்த கபாப் இறைச்சியில் நீர் வடியாமல், சதை ஒட்டி நிற்க அது உதவுகிறது. அதை அனுமதிக்கும் யோசனையை ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் சிலர் எதிர்த்தார்கள். 2017 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில், நிராகரிக்கத் தேவையான 376 வாக்குகளுக்கு மூன்று குறைந்தன. யோசனை தப்பியது. உறையவைத்த இறாலை இதே பொஸ்பேட் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. அளவு மீறினால் இறால் நீரைப் பிடித்து நிறை கூடும்; இறாலின் விலைக்குத் தண்ணீரையும் வாங்குகிறோம். கல்முனைக் கடற்கரையில் அன்று பிடித்ததை அன்றே வாங்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

வாப்பாவுக்குச் சிறுநீரக நோய். கிளினிக்கில் பொஸ்பரஸைக் குறைக்கச் சொல்கிறார்கள். எந்தப் பக்கற்றிலும் அளவு போட்டிருப்பதைக் காணோம். சட்டம் இல்லையா?
*வாசகர், மருதமுனை*

சட்டம் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்தான் நமது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் வருகிறார். சேர்மானத்தின் பெயரோ இலக்கமோ பக்கற்றில் இருக்க வேண்டும். எவ்வளவு என்பதைச் சொல்லும் கட்டாயம்தான் இல்லை, இங்கு மட்டுமல்ல, ஐரோப்பாவிலும்.

பொஸ்பேட் நஞ்சு அல்ல. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். பருப்பு, கடலையில் உள்ள பொஸ்பரஸில் பாதியளவுதான் உடலில் சேரும். ஆலையில் சேர்க்கும் பொஸ்பேட்டோ 90 வீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றிவிடும். உங்கள் வாப்பாவின் சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்தத்தில் பொஸ்பரஸ் ஏற ஏற எலும்பு பலவீனமாகும், இரத்தக் குழாய்ச் சுவரில் கல்சியம் படியும்.

1982 இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் பொஸ்பரஸ் என்று உச்ச வரம்பு வைத்தது. 2019 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை 40 ஆக இறக்கியது. அறுபது கிலோ நிறையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். சிறு பிள்ளைகள் பலர் இந்த அளவைத் தாண்டலாம் என்றும், சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் பழுதானவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்றும் அந்த ஆணையமே எழுதியிருக்கிறது. அதாவது யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்குப் பாதுகாப்பான அளவை இந்தக் கணக்கு சொல்வதில்லை. இதை என்னால் சரியென்று ஏற்க முடியவில்லை.

2016 முதல் நமது குளிர்பானப் போத்தல்களில் சீனிக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் வந்தது. பின்னர் திண்ம உணவுகளில் உப்புக்கும் கொழுப்புக்கும் வந்தது. பொஸ்பரஸின் அளவையும் ஒரு வரியில் அச்சிட வைக்க சுகாதார அமைச்சால் முடியும்.

அதுவரை, முதல் பதிலில் சொன்ன சேர்மான இலக்கங்கள் உள்ள சொசேஜ், மீற்போல், பெட்டிச் சீஸ், கறுப்புக் கோலா ஆகியவற்றை வாப்பாவுக்கு நிறுத்துங்கள். இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கறியாக்கினால் பொஸ்பரஸ் கொஞ்சம் குறையும். மீனை எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கிளினிக்கில் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேளுங்கள்.