அசையாத படம் சொல்லும் கதை

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் சினிமா பார்ப்பது சகஜம். அதே கம்ப்யூட்டரில் ஒரு படத்தைப் பிரித்துப் போட்டுப் படிக்கவும் முடியும். இங்கே ஒரே ஒரு காட்சியை எடுத்துக் கொள்வோம்.

ஹயாவோ மியாசாகி இயக்கத்தில் ஸ்டுடியோ ஜிப்லி 1988ல் வெளியிட்ட ‘மை நெய்பர் டோட்டோரோ’தான் அந்தப் படம். அம்மா மருத்துவமனையில் இருக்க, சாட்சுகி, மெய் என்ற இரு சிறுமிகள் அப்பாவுடன் கிராமத்தில் குடியேறுகிறார்கள். ஒரு மழை நாளில், குடை எடுக்காமல் போன அப்பாவுக்காக பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறார்கள். பஸ் வருகிறது, அப்பா வரவில்லை. இருட்டிக்கொண்டே போகிறது.

முதல் முறை பார்த்தபோது கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டதோ என்று மவுஸை அசைத்துப் பார்த்தேன். சிறுமிகள் அப்படியே நிற்கிறார்கள். நல்லவேளை, மழை மட்டும் பெய்து கொண்டிருந்தது! ஏன் இப்படி என்று அறிய கீழ்க்கண்ட சோதனையைச் செய்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

1. வி.எல்.சி. மீடியா பிளேயரில் படத்தைத் திறக்கவும். டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்பர்மேஷன் கிளிக் செய்தால் பிரேம் ரேட் தெரியும். 24 அல்லது 23.976 என்றிருந்தால் நல்லது.

2. காட்சி வந்ததும் கீபோர்டில் ஆங்கில ‘இ’ எழுத்துக்கான கீயைத் தட்டவும். படம் நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பிரேம் நகரும். மீண்டும் ஓடவிட ஸ்பேஸ் பாரைத் தட்டவும்.

3. ஒருவர் கை அசையும் இடத்தில், எத்தனை தட்டலுக்கு ஒரு முறை ஓவியம் மாறுகிறது என எண்ணவும். பெரும்பாலும் 2 அல்லது 3 வரும்.

படம் 86 நிமிடம். நொடிக்கு 24 என்றால் மொத்தம் 1,23,840 பிரேம்கள். அத்தனைக்கும் தனித்தனி ஓவியம் வரையவில்லை என்பது இப்போது புரியும். கண்ணாடி போன்ற செல் தாள்களில் பாத்திரங்களை வரைந்து, பின்னணி ஓவியத்தின் மீது அடுக்கிப் படம் பிடித்தார்கள். போட்டோஷாப்பில் லேயர்களை அடுக்குவது போலத்தான். பின்னணிகளை உருவாக்கிய கலை இயக்குநர் கசுவோ ஓகா.

இதை வேலை மிச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்ததும் எண்ணம் மாறியது. சிறுமிகள் அசையாததால் நம் கண் இருட்டைத் துழாவுகிறது. காது மழையைக் கேட்கிறது. காத்திருக்கும் பிள்ளையின் பயம் நமக்கும் தொற்றிக் கொள்கிறது. அப்போது குடை விளிம்புக்குக் கீழே, நகம் வைத்த பெரிய கால்கள் மட்டும் தெரிகின்றன. சாட்சுகிக்கு முகம் தெரியாது, நமக்கும்தான். பிறகு டோட்டோரோ ஒரு குதி குதிக்க, மரங்களில் தேங்கிய நீர் மொத்தமும் கொட்டுகிறது. முன்னால் அவ்வளவு அமைதி இல்லாவிட்டால் அந்தக் குதி இத்தனை பெரிதாகத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டரை டிவியுடன் இணைத்திருந்தால் மோஷன் ஸ்மூத்திங் வசதியை நிறுத்தி வையுங்கள். ஓவியர் வரையாத பிரேம்களை அது தானே செருகிவிடும்.

பாடம் முடிந்ததும், கீபோர்டைத் தொடாமல் படம் முழுவதையும் ஒரு முறை பாருங்கள்.