ஆத்திரம் வந்தால் கொலை குறையுமா?

‘ஆத்திரத்தில் செய்துவிட்டான், கொலை கேஸ் நிற்காது. அதிலும் பெண்டாட்டியை இன்னொருவனோடு பார்த்தவன் என்றால் கோர்ட்டே விட்டுவிடும்.’ டீக்கடையில் தொடங்கி வாட்ஸ்அப் வரை ஓயாமல் சுற்றும் சட்ட ஞானம் இது. ஆதாரம் கேட்டால், ‘நானாவதி கேஸ் தெரியாதா?’ என்று எதிர்க்கேள்வி வரும்.

தெரியாமல் பேசுவது அவர்கள்தான். கடற்படை அதிகாரி நானாவதி, 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஜூரிகளில் எட்டுப் பேர் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள், ஒருவர் மறுத்தார். 2016-ல் வந்த ‘ரஸ்டம்’ இந்திப் படமும் நாயகனின் விடுதலையோடு முடிந்துவிட்டது. நிஜத்தில் கதை அங்கே முடியவில்லை. செஷன்ஸ் நீதிபதி ஜூரியின் முடிவை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

காரணம் எளியது. அஹுஜாவுடனான உறவை மனைவி ஒப்புக்கொண்ட பிறகு, அவரையும் குழந்தைகளையும் சினிமா கொட்டகையில் இறக்கிவிட்டார் நானாவதி. கப்பலுக்குப் போய், பொய்க் காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கினார். அஹுஜாவை அலுவலகத்தில் தேடினார். அங்கே இல்லாததால் வீட்டுக்குப் போனார். வீட்டிலிருந்து கிளம்பியது பகல் 1.30 மணி, சுட்டது 4.20 மணி. இடைப்பட்ட நேரம் நிதானத்துக்கு வரப் போதுமானது என்றது நீதிமன்றம். 1964-ல் அவர் வெளியே வந்தது ஆளுநரின் மன்னிப்பால்தான், தீர்ப்பால் அல்ல.

சட்டம் கேட்பது வெறும் கோபத்தை அல்ல. ஆத்திரமூட்டல் கடுமையாகவும் திடீரென்றும் இருக்க வேண்டும்; அந்தக் கணத்தில் தன்னடக்கம் போயிருக்க வேண்டும்; வம்பைத் தானே தேடிப் போயிருக்கக் கூடாது. ஒருவர் மூட்டிய ஆத்திரத்தில் அவருடைய குழந்தையை வேண்டுமென்றே கொன்றால் அது கொலையே என்று சட்டப் புத்தகமே உதாரணம் தருகிறது. இதையெல்லாம் தாண்டினாலும் விடுதலை கிடையாது. ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ என்று குற்றம் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான். கொல்லும் நோக்கம் இருந்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-வது பிரிவில் ஆயுள் தண்டனை, அல்லது 5 முதல் 10 ஆண்டு சிறை.

இதே ரகத்தில் இன்னும் சில உண்டு. ‘குடிபோதையில் செய்தால் தண்டனை குறையும்.’ தானாகக் குடித்தவனுக்குப் போதை மட்டுமே சாக்காகாது. கல்யாண வீட்டில், சற்றுத் தள்ளி உட்காராத சிறுவனைப் போதையில் சுட்டுக் கொன்ற முன்னாள் ராணுவத்தினர் செய்தது கொலைதான் என்று 1956-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

‘மானம் போனதால் மகளைக் கொன்றது வேறு விஷயம்.’ வேறு விஷயம் இல்லை. 2011-ல் இப்படியொரு தந்தையின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், இத்தகைய கொலைகளை அரிதினும் அரிதானவற்றின் கணக்கில் சேர்க்கச் சொன்னது.

‘நானாவதி வழக்கோடு ஜூரி முறை ஒழிந்தது.’ அதை ஒழித்தது 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம்.

உண்மையில் இரக்கம் தேவைப்படுபவர்கள் வேறு. ஆண்டுக்கணக்கில் அடி வாங்கி ஒருநாள் திருப்பித் தாக்கும் பெண்ணிடம், ‘திடீர்’ எங்கே என்று சட்டம் கேட்கிறது. குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயிடமும் அதே கேள்வி. 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம் நாட்டுப்புறக் கதையில் இப்படிக் கிணற்றில் குதித்த நல்லதங்காளின் பெயரையே சொல்லி, நீண்டகாலத் துன்பமும் ஆத்திரமூட்டல்தான் என்று ஏற்றது. கடைசிச் சம்பவத்தை அதற்கு முந்தைய கொடுமைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இங்கிலாந்தில் 2009-ம் ஆண்டுச் சட்டம் ‘திடீர்’ என்ற நிபந்தனையை நீக்கியது. துணையின் துரோகம் மட்டுமே கொலைக்குச் சாக்காகாது என்றும் ஆக்கியது.

இந்தியா 2023-ல் தண்டனைச் சட்டத்தையே மாற்றி எழுதியபோது, ஆத்திரமூட்டல் விதிவிலக்கைத் தொடாமல் அப்படியே புதிய சட்டத்துக்கு எடுத்துவந்தது. நீடித்த கொடுமையை எழுத்தில் சேர்க்கவும், துரோகச் சாக்கை வெளியே தள்ளவும் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும்.