ரிப்பன் மைக்: சத்தத்துக்கு அஞ்சாது, காற்றுக்கு அஞ்சும்

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையும் அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டைக்குப் பெருமை சேர்த்தவர்கள். இன்றும் இந்த மாவட்டத்தில் கோயில் திருவிழாவோ கல்யாணமோ நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் நடப்பது அரிது. இந்த வாத்தியங்களைப் பதிவு செய்ய விரும்புவோருக்கு ரிப்பன் மைக் அருமையான துணை. 1930களில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் அதை வானொலிக்கு ஏற்ற கருவியாக்கினார். காந்த முனைகளுக்கு நடுவே நெளிநெளியான அலுமினிய நாடா ஒன்று தொங்கும். ஒலி பட்டு அது அசையும்போது மின்சாரம் பிறக்கும். ஆனால் அதைப் பற்றி உலவும் தவறான பேச்சுகளே பலரை அதன் பக்கம் போகவிடாமல் செய்கின்றன.

நம்பிக்கை: தவில் சத்தத்துக்கு நாடா கிழிந்துவிடும்.
உண்மை: நாடாவைக் கெடுப்பது காற்று. ஒலி அதை முன்னும் பின்னும் அசைக்கிறது. ஊதினால் காற்று ஒரே பக்கம் தள்ளி, நாடா நீண்டு தொய்ந்துவிடும். மைக் செட் போடும்போது ‘பூ, பூ’ என்று ஊதிப் பார்க்கும் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. நாதஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த கீழ்முனைக்கு) நேரே, நெருக்கமாக வைக்காதீர்கள். சற்றே விலக்கி, சாய்த்து வையுங்கள். மின்விசிறியின் வீச்சும் படக் கூடாது.

நம்பிக்கை: 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) பட்டால் மைக் உடனே போய்விடும்.
உண்மை: கேபிள் சரியாக இருந்தால் இரு கம்பிகளிலும் சம மின்னழுத்தம் வரும், மைக்கின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி நாடாவைத் தொடாது. பழுதான கேபிளும், பவர் ஓடும்போதே செருகிப் பிடுங்குவதும்தான் ஆபத்து. சில பழைய மைக்குகளின் உள் இணைப்பும் இதற்கு ஒத்துவராது. ஆகவே தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள். உள்ளே மின்னணுச் சுற்று உள்ள ஆக்டிவ் வகைக்கோ அது கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: சமையலறை அலுமினியத் தாளை வெட்டி நாடா செய்யலாம்.
உண்மை: அந்தத் தாள் பெரும்பாலும் 10 மைக்ரானோ அதற்கு மேலோ தடிமன், நல்ல நாடா ஏறத்தாழ 2 மைக்ரான்தான். தடித்தது கனம் என்பதால் மெல்லிய ஒலிக்கு அசையாது. மெல்லிய தாளைப் புது பிளேடால் வெட்டி, இரு பற்சக்கரங்களுக்கு நடுவே உருட்டி நெளிவு கொடுப்பார்கள். நாடா காந்தத்தை உரசவும் கூடாது, இடைவெளி அகலவும் கூடாது. பொறுமை வேண்டிய வேலை. இரும்புத் துருவலை அருகில் விடாதீர்கள்: காந்தம் இழுத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: ரிப்பன் மைக்கில் ஒலி மங்கும்.
உண்மை: உச்ச ஒலிகள் மெல்லத் தணியும், நாதஸ்வரத்தின் கூர்மைக்கு அதுவே இதம். கஞ்சிராவுக்கு மிக நெருங்கினால் தாழ்ந்த ஒலிகள் ஊதிப்போகும். ஒன்றரை அடியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் கேட்கும் இந்த மைக், பக்கவாட்டில் ஏறக்குறைய செவிடு. மிருதங்கத்தை அந்தப் பக்கம் வைத்தால் கஞ்சிரா தனித்துக் கேட்கும்.

நம்பிக்கை: நாடா தொய்ந்தால் மைக் குப்பைதான்.
உண்மை: புது நாடா மாட்டலாம், காந்தமும் டிரான்ஸ்ஃபார்மரும் பல்லாண்டு உழைக்கும். நிறுத்தியே வையுங்கள், படுக்க வைத்தால் நாடா தொய்யும். எடுத்துச் செல்லும்போது உறை போடுங்கள். இவ்வளவு கவனம் போதும். நம் கலைஞர்களின் வாசிப்பைத் தலைமுறைகளுக்குச் சேமிக்க இந்த மைக்கைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.