இருபத்தெட்டு நாள்

மாரிகுப்பம், கே.ஜி.எஃப்.

அன்பு மகளே,

அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கான்ட்ராக்ட்ஸ் பிரிவில் சேரப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். புறப்படுகிற அவசரத்தில் நேரில் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் தங்க மைன்ஸுக்கு காவிரிக்கரை சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது 1902 ஜூனில். வேலையை நடத்தியது மைசூர் சமஸ்தானம். மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கொடுத்தது, நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ். அந்த மின்சாரத்தை வாங்கியவர்கள் மைன்ஸை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியார். நாடு விட்டு நாடு ஒப்பந்தம் போடுவது நம் ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழக்கம்.

அப்போதெல்லாம் கோடையில் காவிரி குறைந்தால் இங்கே கரண்டும் குறையும். அதற்காகவும் பாசனத்துக்காகவும் 1911இல் கண்ணம்பாடி அணையைத் தொடங்கினார்கள். சென்னை மாகாணம் எதிர்த்தது. கருத்து வேறுபாடு வந்தால் நடுவரிடம் போகலாம் என்று மைசூரும் சென்னையும் போட்ட 1892 ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் நீதிபதி கிரிஃபின் முன் வழக்கு போனது. 1914இல் தீர்ப்பு மைசூர் பக்கம் வந்தது. சென்னை லண்டன் வரை முறையிட்டது. கடைசியில் 1924இல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் கையெழுத்துப் போட்டன. தீர்ப்பு கையில் இருந்தும் பத்து வருஷம்! அதனால் எந்த ஒப்பந்தத்தைத் திறந்தாலும் தகராறு ஷரத்தை முதலில் படி. நடுவர் மன்றம் எந்த ஊரில், எந்த நாட்டுச் சட்டம் என்று பார்.

வளைகுடாவில் பெரும்பாலும் உன் கைக்கு வருவது ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தம். அதன் 2017 பதிப்பில் தகராறு முற்றுவதற்கு முன்பே தடுக்க ஒரு வாரியத்தை வேலை தொடங்கும்போதே அமைத்துவிடச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வாரியம் முடிவு சொன்ன பிறகு 28 நாளுக்குள் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதாவிட்டால் அந்த முடிவே இறுதி. கூடுதல் நாளோ பணமோ கேட்பதற்கும் அதே 28 நாள்தான். விஷயம் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் எண்ணுவார்கள். நோட்டீஸ் தவறினால் உன் பக்கம் நியாயம் இருந்தாலும் கேட்கிற உரிமை போய்விடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2001இல் மைன்ஸ் மூடியதும் வளைகுடாவுக்குப் போய் ஒரு சைட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். பைல் இறக்கும் இடத்தில், வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் ஒன்று குறுக்கே வந்தது. பத்தொன்பது நாள் ரிக் சும்மா நின்றது. எஞ்சினியரிடம் ஃபோனில் சொன்னேன். "பார்த்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷர், காகிதம் எழுதினால் மனம் கோணுவாரே என்று தயங்கினேன். எங்கள் கடிதம் போனது முப்பத்து மூன்றாம் நாள். ஒரு நாள்கூட கிடைக்கவில்லை, தாமதத்துக்கு அபராதமும் எங்கள் தலையில் விழுந்தது.

எனக்கு இன்றும் ஆறாதது என்ன தெரியுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால், குளிக்கும் முன் ஷிஃப்ட் புக்கில் எழுதுவோம். எந்த லெவலில் பாறை சத்தம் போட்டது, எத்தனை மணிக்கு, எந்த மரச்சட்டம் நொறுங்கியது, எல்லாம். அடுத்த ஷிஃப்ட்காரன் உயிர் அதில் இருந்தது. அதை யாரும் புகாராக நினைத்ததில்லை. அந்தப் பழக்கத்தை நான் ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

நோட்டீஸில் கோபம் வேண்டாம். என்ன நடந்தது, என்றைக்கு, எந்த ஷரத்தின் கீழ் கேட்கிறோம், அவ்வளவு போதும். எழுதியனுப்பிவிட்டு எஞ்சினியரோடு உட்கார்ந்து டீ குடி.

என் பழைய சைட் டைரியை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மார்ச் மாதத்தில் பத்தொன்பது பக்கம் வெறுமையாக இருக்கும். பெட்டியில் மேலாக வை.

உன் பெரியப்பா