மிஞ்சிய சோறு யாருக்கு? உபவாசம் தொடங்கிய தம்பிக்கு ஒரு திறந்த மடல்



திருச்சபை மாத இதழில் தம்பி எழுதிய ‘என் முதல் உபவாசம்: 21 நாள் அனுபவம்’ கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தாயிற்று. உபவாசம் என்றால் என்ன, வேதத்தில் யார் யார் இருந்தார்கள் என்றெல்லாம் தம்பிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்த பிள்ளை; எஸ்தரும் நினிவேயும் தலைகீழ்ப் பாடம். அதனால் நேரே விஷயத்துக்கு வரலாம். கட்டுரையில் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. ஒன்று சின்னது. மற்றது அப்படியல்ல.

முதல் நாள் சாயங்காலம் மண்டையைப் பிளக்கிற தலைவலி வந்ததாகவும், அது சத்துரு கொண்டுவந்த தடை என்றும், கடிந்து ஜெபித்து மேற்கொண்டதாகவும் தம்பி எழுதியிருக்கிறார். அதற்கு இரண்டு பத்தி மேலே, தினமும் நாலு டம்ளர் காபி குடிக்கிற பழக்கம் தமக்கு உண்டென்றும் அவரே சொல்லியிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். தினமும் காபி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால், கடைசி டம்ளருக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சிடுசிடுப்பும் கூடவே வரும். டீயானாலும் இதே கதைதான். உபவாசத்துக்கு ஒரு வாரம் முன்பே நாலு டம்ளரை மூன்றாக, இரண்டாக, ஒன்றாகக் குறைத்து, அன்றைக்குத் தண்ணீரைத் தாராளமாகக் குடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

தலைவலிக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தம்பி நினைக்கலாம். நம் சபைகளில் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் வேண்டியது குளுக்கோஸ். தம்பியின் கட்டுரையை வாசித்த ஓர் அம்மா அதையும் தடையென்று நினைத்து முழங்காலிலேயே இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் அவர்கள் ஒரு வேளையைக்கூட விடக்கூடாது. வெறும் தண்ணீரோடு நாள்கணக்கில் இருந்துவிட்டு, முடிக்கிற அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிடுவதும் ஆபத்துதான். இரத்தத்தில் பாஸ்பேட் தடாலென்று குறைந்து இருதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். உபவாசத்தைப் பற்றி எழுதுகிறவர் இதையும் எழுத வேண்டும்.

இனி இரண்டாவது.

கட்டுரையில் எல்லாம் இருக்கிறது. எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த அதிகாரத்தை வாசித்தார், கைபேசியில் எந்த நேரத்துக்கு அலாரம் வைத்தார், எத்தனை கிலோ எடை குறைந்தது என்பது வரை அட்டவணை போட்டிருக்கிறார். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் விட்டு, இரவு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டதாகச் சொல்கிறார். அப்படியென்றால் 21 நாளில் 42 வேளைச் சாப்பாடு மிஞ்சியிருக்கிறது. அது எங்கே போனது? கட்டுரை முழுவதிலும் அதைப் பற்றி ஒரு வரி, ஒரு சொல் கிடையாது.

ஏசாயா 58-ஆம் அதிகாரம் தம்பிக்குத் தெரியும். தேவன் தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று அங்கே பட்டியல் போடும்போது, பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பங்கிடுவது அதில் வருகிறது. தொடக்க காலச் சபை இதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டது. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்ற நூல், உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதோடு விடவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அதைக் கணக்குப் பார்த்து, விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவனுக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று விதிக்கிறது. அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் தத்துவஞானி அரிஸ்டைடஸ், கிறிஸ்தவர்களுக்காக வாதாடி ரோமப் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதினார். அவர்களுக்குள்ளே ஒருவன் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் இருந்து, கொடுக்கத் தங்களிடமும் மிச்சம் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் உபவாசம் இருந்து அவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அதில் சொல்கிறார். பேரரசருக்குச் சொல்லத் தக்க அடையாளங்களுள் ஒன்றாக அவருக்குப் பட்டது இந்தச் சோறு.

ரோமும் ஏதென்ஸும் தூரம் என்றால் மிசோரம் இருக்கிறது. அங்கே 1910-இல் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்து, சேர்த்து, சபைக்குக் கொடுப்பார்கள். ‘புஃபாய் தாம்’ என்று அதற்குப் பெயர். கையில் காசு இல்லாத மலைக்கிராமப் பெண்கள் தொடங்கிய அந்தக் கைப்பிடி அரிசி இன்றும் நிற்கவில்லை. ஊழியர்களை அனுப்புகிற செலவில் ஒரு பங்கை அது தாங்குகிறது.

தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர்க் கோயிலில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் காலை பத்து மணிக்கு மணியடிப்பார்கள். பெண்கள் ஓலைப்பாயைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவர் முந்தானையிலும் ஒரு முடிச்சு இருக்கும். வீட்டில் அந்த மத்தியானத்துக்குத் தன் பங்காக உலையில் விழ வேண்டிய அரிசி அது. ஓர் உழக்கு இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. உள்ளே நுழைந்ததும் முடிச்சை அவிழ்த்து, வாசற்படி ஓரம் வைத்திருக்கிற ஓலைப்பெட்டியில் கொட்டிவிட்டுத்தான் பாயை விரிப்பார்கள். மூன்று மணி வரைக்கும் பாட்டு, விண்ணப்பம், அழுகை, சாட்சி. முடிந்ததும் ஆளுக்கொரு தம்ளர் கருப்பட்டிக் காபி. பெட்டியை உபதேசியார் மனைவி எடுத்துக்கொண்டு போவார். இருட்டிய பிறகு, அந்த வாரம் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுப் பின்வாசலில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவார். கொடுத்தவர்களுக்கு யார் வீட்டுக்குப் போனதென்று தெரியாது. மத்தேயு 6-ஐ அதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல முடியாது.

அந்த அரிசி ஒரே இனமாக இருக்காது. ரேஷன் புழுங்கல், பச்சரிசி, கொஞ்சம் சம்பா, யாரோ வசதியான அம்மா போட்ட பொன்னி எல்லாம் கலந்திருக்கும். சோறாக்கினால் ஒன்று குழைந்து போயிருக்கும், பக்கத்திலேயே ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். பானையைத் திறந்து பார்த்தாலே எந்த அரிசி என்று தெரிந்துவிடும். அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட வருஷத்தில் அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைதான் இந்த மடலை எழுதுவது. அந்த 42 வேளையைக் கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

இவ்வளவு சொன்ன பிறகு, கட்டுரையின் நாலாவது பக்கத்துப் பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களாக இந்த இதழில் வந்த எழுத்துகளில் அதற்கு ஈடு கிடையாது. பன்னிரண்டாம் நாள் பசியில் தங்கச்சி ஏதோ கேட்டதற்குத் தம்பி எரிந்து விழுகிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். பசி வந்ததனால் இந்தக் கோபம் வந்ததா, அல்லது இருந்த கோபத்தை இத்தனை நாள் சோறு மூடி வைத்திருந்ததா என்று அவர் கேட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதிலும் எழுதவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு இந்த நேர்மை எங்கிருந்து வந்தது!

சாது சுந்தர் சிங்கின் 1913-ஆம் வருஷத்து உபவாசம் இந்த இடத்தில்தான் நினைவுக்கு வருகிறது. ஆண்டவரைப் போல 40 நாள் இருக்க வேண்டுமென்று, ஹரித்வாருக்கும் டேராடூனுக்கும் நடுவிலுள்ள காட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு 23 வயது. நாள் கணக்கு தவறாமல் இருக்க 40 கற்களைக் கூட்டி வைத்து, தினம் ஒன்றாக எடுத்துப் போட்டார். பார்வை மங்கி, கை அசைக்கவும் தெம்பில்லாமல் போனபோது கல் கணக்கும் விட்டுப்போயிற்று. காட்டு வேலைக்கு வந்தவர்கள் கண்டெடுத்துத் தூக்கிக்கொண்டு வந்து பிழைக்க வைத்தார்கள். எத்தனை நாள் இருந்தார் என்று இன்றுவரை ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமியும் ஸ்ட்ரீட்டரும் சேர்ந்து 1921-இல் சாதுவைப் பற்றி எழுதிய புத்தகத்தில், அந்த உபவாசத்தின் பலனாக அவர் சொன்னவற்றுள் ஒன்று கவனிக்கத்தக்கது. நாள் முழுக்கப் பேசிக் களைத்திருக்கும்போது ஆட்கள் தேடி வந்தால் முன்பு எரிச்சல் வருமாம். அதற்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டதாம். சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய மனுஷன், வாசலில் வந்து நிற்கிறவர்மேல் சிடுசிடுக்காமல் இருக்க முடிந்ததைப் பலனாக எண்ணிச் சொல்கிறார். தம்பியின் பன்னிரண்டாம் நாள் இந்த வரிசையில் சேர்கிறது. மற்றப் பக்கங்களை எல்லாம் கிழித்துவிட்டாலும் இந்தப் பத்தியைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

அடுத்தாற்போல் 40 நாள் இருக்கப் போவதாகக் கட்டுரை முடிகிறது. வேண்டாம். தானியேல் 10-இல் வருகிற மூன்று வாரத்தில்கூட அவர் விட்டது ருசியான சாப்பாட்டையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும்தான். மிகப் பழைய சபை ஒழுங்கு நூலான ‘டிடாக்கே’, ஞானஸ்நானத்துக்கு வருகிற புதியவருக்குச் சொல்வது ஒன்றிரண்டு நாள் உபவாசம். அதையும் அவர் தனியாக இருப்பதில்லை. ஞானஸ்நானம் கொடுக்கிறவரும், முடிந்தால் மற்றவர்களும் கூட இருக்க வேண்டும் என்கிறது. பிறகு வாரந்தோறும் புதனும் வெள்ளியும். ஆக்ஸ்போர்டில் ஜான் வெஸ்லியும் நண்பர்களும் அதே இரண்டு நாளில் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் இருந்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தாங்கக்கூடிய அளவு அது.

தம்பியும் வருகிற வெள்ளிக்கிழமை ஒரு மத்தியானத்தில் தொடங்கட்டும். மூன்று மணி வரைக்கும் ஜெபித்துவிட்டுக் கஞ்சி குடிக்கட்டும். அலுவலகத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் அன்றைக்கு ஒரு சாப்பாடு என்ன விலையோ, அந்தப் பணத்தைச் சாயங்காலத்துக்குள் ஒரு கைக்குச் சேர்த்துவிட வேண்டும். உண்டியலில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்து, தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் எப்போதும் உண்டு. தெரியாவிட்டால் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களைக் கேட்கலாம், எந்த வீட்டில் கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். சில மாதம் இப்படி நடந்த பிறகு இதழுக்கு இரண்டாம் கட்டுரை எழுத வேண்டும். அதில் எடைக் கணக்கு வேண்டாம். வாங்கிக்கொண்டவர் பெயரும் வேண்டாம். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் அவர்கள் என்ன பேசினார்கள், தம்பி எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டார் என்பதை எழுதட்டும். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றா என்பதையும்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபையின் மூத்த வாசகர் ஒருவர்