வால்வு கீழிறங்கிய இதயம்

கேள்வி: என் மகளுக்கு வயது 12. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது. எக்கோ பார்த்துவிட்டு ‘எப்ஸ்டீன்’ குறைபாடு, வால்வு கசிகிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். வால்வையே மாற்றிவிட்டால் என்ன?

பதில்: சரிசெய்ய வழியிருக்கும்வரை மாற்றாதிருப்பதே நல்லதம்மா. இதயத்தின் வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுக்கு மூன்று இதழ்கள். 1866-ல் ஜெர்மானிய மருத்துவர் எப்ஸ்டீன் விவரித்த இந்தக் குறைபாட்டில், கருவிலேயே இரண்டு இதழ்கள் கீழறைச் சுவரிலிருந்து சரியாகப் பிரியாமல் ஒட்டிக்கொள்கின்றன. மூன்றாவது, பாய்மரத் துணிபோல அகன்று கிடக்கும். வால்வு முழுதாக மூடாது. ரத்தம் பின்னோக்கிக் கசியும். உதடு நீலமாவது, பெரும்பாலும் மேலறைச் சுவரிலுள்ள ஓட்டை வழியே அசுத்த ரத்தம் கலப்பதால்தான்.

பிரேசில் நிபுணர் ஜோசே பெட்ரோ டா சில்வா உருவாக்கிய ‘கோன்’ முறையில், ஒட்டிய இதழ்களைச் சுவரிலிருந்து பொறுமையாகப் பிரித்தெடுத்து, சுழற்றி, ஓரத்தோடு ஓரம் தைத்துக் கூம்பாக்குவார்கள். அதன் அகன்ற வாயை, வால்வு இருந்திருக்க வேண்டிய இடத்தில் தைப்பார்கள். மெலிந்த கீழறைச் சுவரையும் மடித்துத் தைப்பதுண்டு. எல்லாம் சொந்தத் திசு. பிள்ளையோடு சேர்ந்து வளரும். செயற்கைத் திசு வால்வு சிறுவயதில் சீக்கிரம் பழுதாகும். உலோக வால்வென்றால் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. நாளை கர்ப்பகாலத்தில் அது பெரும் சிக்கல்.

அறுவை மருத்துவர் இந்த ஆபரேஷனில் கை தேர்ந்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். இதயத்தில் கூடுதல் மின்பாதை இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு அது அடிக்கடி இருக்கும், திடீர்ப் படபடப்பைத் தரும்.