சாதன எண்ணும் நினைவகக் காவலும்

கணிப்பொறியின் நினைவகத்தைச் செயலி ஒன்றே எடுத்தாளுகின்றது எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. வலையமைப்பு அட்டை, சேமிப்புக் கருவி முதலிய சாதனங்களும் நினைவகத்தில் நேரே எழுதவும் படிக்கவும் வல்லன. இவ்வுரிமையை வரம்பின்றி விடுவோமாயின், பழுதுற்ற ஒரு சாதனம் தனக்குரியதல்லாத இடத்தையும் அழித்துவிடும். இத்தீங்கைத் தடுக்க அமைந்த காவலே, ஆர்ம் வகைக் கணிப்பொறிகளில் எஸ்.எம்.எம்.யு. என வழங்கும் அலகு. சாதனம் கூறும் முகவரியை இவ்வலகு அச்சாதனத்திற்குரிய பக்க அட்டவணை கொண்டு மெய்ம்முகவரியாக மாற்றும். அட்டவணையில் இல்லாத முகவரியை மறுக்கும்.

காவலன் முதற்கண் அறியவேண்டுவது வந்தவர் யார் என்பதே. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஒவ்வொரு நினைவக வேண்டுகோளும் வேண்டுவோர் எண் ஒன்றைத் தாங்கி வரும். அது 16 பிட் உடையது: தடத்திற்கு 8, சாதனத்திற்கு 5, செயற்கூற்றிற்கு 3. ஆகவே தட எண்ணை 256-ஆலும் சாதன எண்ணை 8-ஆலும் பெருக்கி, செயற்கூற்று எண்ணைக் கூட்டுக. 1-ஆம் தடத்தில் 0-ஆம் சாதனத்தின் 0-ஆம் செயற்கூறு 256 என்னும் எண் பெறும்.

காவலலகோ இவ்வெண்ணை அறியாது. அது அறிவது ஓடை எண் ஒன்றையே. இருவர்க்கும் இடையே துபாஷி ஒருவர் வேண்டும். லினக்ஸ் முறையில், பொறியின் அமைப்பை விவரிக்கும் சாதன மரத்தில் நான்கு செய்திகள் எழுதப்படும்: முதல் வேண்டுவோர் எண், உரிய காவலலகு, முதல் ஓடை எண், தொடரின் அளவு. 0 என்பது 7168 ஆகவும், 256 என்பது 7169 ஆகவும் மாறவேண்டும் எனக் கொள்வோம்.

குவால்காம் நிறுவனத்தின் சில கட்டுப்படுத்திகளில் இம்மாற்றத்தை வன்பொருளே செய்யும். அதற்குரிய 256 வரிசை கொண்ட அட்டவணையை இயக்கநிரல் தொடக்கத்தில் நிரப்பும். வேண்டுவோர் எண்களோ 65,536 வரை ஆகலாம். ஆதலின் சி.ஆர்.சி.-8 என்னும் கணக்கினால் வரிசை குறிக்கப்படும். 256-க்கு அக்கணக்கு 21 தரும். 21-ஆம் வரிசையில் 256 என்ற எண்ணும், 7169-இலிருந்து அடியெண் 7168-ஐக் கழித்த 1-உம் எழுதப்படும்.

இங்கே ஓர் ஐயம் எழும்: இரண்டு எண்கள் ஒரே வரிசையைக் கோரினால் யாது செய்வது? 7 என்னும் எண்ணுக்கும் அக்கணக்கு 21-ஐயே தருகின்றது. அப்பொழுது இயக்கநிரல் பிந்தியதை வெறுமையாயுள்ள 22-ஆம் வரிசையில் அமர்த்தி, 21-ஆம் வரிசையின் இறுதியில் ‘அடுத்தது 22’ எனக் குறித்துவைக்கும். தேடிவரும் வன்பொருள் 21-இல் எண் பொருந்தாமை கண்டு 22-க்குச் செல்லும்.

இக்குறிப்பு ஒன்று தவறினும் விளைவு பெரிது. உரிய சாதனம் மறுக்கப்படும். அல்லது ஒன்றன் வேண்டுகோள் மற்றொன்றன் பக்கங்களைச் சென்றடையும். மேலும், தட எண் பிறப்பில் அமைந்ததன்று. பொறி எழும்போது மென்பொருள் இடுவது. தட எண் மாறியும் அட்டவணை மாறாதிருப்பின், காவலன் பழைய பெயரைக் கொண்டே புதியவரை அளப்பான்.

மாணவ நண்பர்களே, காவல் வலிதாயிருத்தல் மட்டும் போதாது. ஆளறிதலும் பிழையற்றிருத்தல் வேண்டும். சாதனம் இயங்காதபோது அதனையே பழித்து அகற்றுமுன், அதன் பெயர் அட்டவணையில் சரியாக எழுதப்பட்டுள்ளதா எனப் பார்ப்பதே நாம் கைக்கொள்ளத்தக்க முறை.